ஒரே கூடத்தில் படுத்துத் தூங்கிய மற்ற பதினோரு பேருக்கு ஒரு திறந்த மடல்

பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் எல்லோருக்கும்,

இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டிருக்கலாம். போட்டால் நாலு பேர் கைகூப்புவீர்கள், இரண்டு பேர் இதயம் போடுவீர்கள், அதற்குள் யாருக்காவது பிறந்தநாள் வரும், வாழ்த்து மேல் வாழ்த்தாக வந்து இது எங்கேயோ போய்விடும். அப்படிப் போகக் கூடாத விஷயம் என்பதால் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். தவிர, பாட்டி வீடு என்று ஒன்று இருந்து, அது இல்லாமல் போய், "ஒருநாள் எல்லோரும் கூடணும்" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களைக் கடத்துகிற குடும்பம் நம்முடையது மட்டும் இல்லை. அவர்களும் படிக்கட்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த நீண்ட விடுமுறையில் மூன்று நாள், எல்லோரும் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வர வேண்டும். வருவதற்கு முன்னால், பாட்டி வீட்டைப் பற்றி உங்களுக்கு என்னென்ன நினைவிருக்கிறதோ அத்தனையையும் தனியாக உட்கார்ந்து, யாரிடமும் கேட்காமல், எழுதி எடுத்துக்கொண்டு வர வேண்டும். தனியாக ஏன், கேட்காமல் ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

அந்த ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன். எந்த ராத்திரி என்று உங்களுக்கே தெரியும்.

விடுமுறை முழுக்கக் கூடத்தில் வரிசையாகப் படுப்போம். பெரியவர்கள் பேசுவது அடுத்த அறையிலிருந்து சன்னமாகக் கேட்டுக்கொண்டிருக்கும், அதில் நம் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்போம், கடைசியில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பாட்டி வருவார். டார்ச் எடுக்க மாட்டார். வெளிச்சம் பட்டு ஒருத்தர் விழித்தால் பன்னிரண்டு பேரும் எழுந்து உட்காருவோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் இருட்டிலேயே குனிந்து, ஒவ்வொருவர் காலாகத் தடவி, பெருவிரலை மட்டும் இரண்டு விரலால் லேசாகப் பிடித்து விட்டு எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் முணுமுணுப்பது காதில் விழும். அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்திருப்பார், விரல் சில்லென்று இருக்கும், நுனியில் ஒரு சொரசொரப்பு. தூங்குவது மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கைக்காகக் காத்துக்கொண்டிருப்பேன், அது வந்து தொடும்வரை எனக்குத் தூக்கம் வந்ததில்லை. பன்னிரண்டு ஆனதும் நிமிர்வார். நிமிரும்போது முழங்கால் 'கடக்' என்று ஒரு சத்தம் போடும். அதோடு அந்த நாள் முடிந்தது.

ஒரு ராத்திரி எண்ணிக்கை பதினொன்றோடு நின்றுவிட்டது. மறுபடியும் முதல் காலிலிருந்து எண்ணினார். மறுபடியும் பதினொன்று.

இதுவரைக்கும் நம் எல்லோரிடமும் ஒரே கதைதான் இருக்கிறது. இதற்கு அப்புறம் ஆளுக்கு ஒன்று. என் கதையில் காணாமல் போனது நான். கண்ணாமூச்சி ஆடும்போது, போர்வைகள் வைத்திருந்த இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒளிந்து அங்கேயே தூங்கிப்போனேன், பாட்டி கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து படுக்கையில் போட்டார். முதுகில் பட்ட சுவரின் குளிர்ச்சி இன்றைக்கும் நினைவிருக்கிறது. பெரியப்பா வீட்டு அண்ணன் கேட்டால், இல்லவே இல்லை, அது நான், கட்டிலுக்கு அடியில் தூங்கினேன் என்பார். அத்தை மகளோ மாடிப்படியில் தலை சாய்த்துத் தூங்கிய தன்னைத்தான் தேடினார்கள் என்று சத்தியம் செய்வாள். எத்தனை கல்யாணங்களில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். யாருமே விட்டுக்கொடுத்ததில்லை, ஏனென்றால் யாருமே பொய் சொல்லவில்லை.

இது நம் வீட்டு விசித்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன்னால் நினைவைப் பற்றிக் கொஞ்சம் தேடித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இதை ஆராய்ந்தே வைத்திருக்கிறார்கள். மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் என்ற மூன்று உளவியலாளர்கள் 2001-ல் இரட்டையர்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேரும் 'அது எனக்கு நடந்தது' என்று உரிமை கொண்டாடுவது இரட்டையர்களிடம் சாதாரணமாக நடக்கிறதாம். இரட்டையர் அல்லாத உடன்பிறந்தவர்களிடமும், நெருங்கிய நண்பர்களிடமும்கூட அது இருக்கிறது. ஒரே வயது, ஒரே இடம், ஒரே ஆட்டம், திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதை. கேட்டவர் மனதில் படமாக ஓடிய கதை, கொஞ்ச வருஷத்தில் அவருக்கே நடந்ததாகிவிடுகிறது. யோசித்துப் பாருங்கள், பெட்டிக்குப் பின்னால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றால், பாட்டி பதினொன்றோடு நிறுத்தியது எனக்கு எப்படிக் கேட்டது? இத்தனை வருஷமாக அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, போன மாதம் பெரிய அத்தைக்கு போன் செய்தேன். நம் பெற்றோர் தலைமுறையில் அந்த வீட்டை முழுசாக அறிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். நலம் விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு யாரைத்தான் காணோம் அத்தை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"யாரும் காணாமப் போகல. தம்பி குடும்பம் அன்னிக்குச் சாயங்காலமே கிளம்பிடுச்சு. அம்மாவுக்குப் பழக்க தோஷம், பன்னெண்டு வரும்னு எண்ணிக்கிட்டே போயிட்டாங்க. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அப்படியே பாப்பா படுக்கிற எடத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க."

பாப்பா என்றது சித்தப்பா மகள் உன்னைத்தான். இத்தனை வருஷச் சண்டையில் நீ மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை, கவனித்திருக்கிறாயா? நாங்களும் கவனிக்கவில்லை. நீ அங்கே இல்லை, அதனால் உனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இருந்த நாங்கள்தான், பதினொன்று என்ற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, காலியாக இருந்த உன் இடத்தில் ஆளுக்கு ஆள் நம்மையே கொண்டுபோய் வைத்துக் கதை கட்டியிருக்கிறோம்.

அத்தை சொல்வதும் ஒரு நினைவுதான், அதிலும் பிசகு இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பேரப்பிள்ளைகள் கிளம்பிய அன்று பாட்டிக்கு எப்படி இருந்தது என்று நாம் ஒருத்தரும் ஒருநாளும் யோசித்ததில்லை. நமக்குப் பாட்டி வீடு என்றால் போய்ச் சேர்வதில் தொடங்கிக் கிளம்புவதில் முடிந்துவிடும். அவருக்கு நாம் கிளம்பிய பிறகும் அந்தக் கூடம் அங்கேயே இருந்தது.

எமரி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரில்லிங் என்பவரின் குழு 50 பாட்டிகளை எம்ஆர்ஐ கருவியில் படுக்கவைத்து, அவர்களின் பேரப்பிள்ளைகள் படத்தைக் காட்டிப் பார்த்தது. 2021-ல் முடிவு வெளியானது. பேரப்பிள்ளையைப் பார்க்கும்போது, மற்றவர் உணர்வதைத் தானும் கூடவே உணர்கிற பகுதிகள் அவர்கள் மூளையில் கிளர்ந்தன. அதே பாட்டிகள் தங்கள் சொந்த மகனையோ மகளையோ பார்க்கும்போது, அவர்கள் என்ன நினைக்கிறார்கள், ஏன் அப்படி என்று யோசித்துப் புரிந்துகொள்கிற பகுதிகள்தான் கூடுதலாக வேலை செய்தன. நான் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது, என் அப்பா எப்படி விழுந்தாய் என்று கேட்டதும், பாட்டி ஒன்றும் கேட்காமல் தன் முட்டியைத் தானே தேய்த்துக்கொண்டதும் இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது.

இப்போது தனியாக எழுதச் சொன்னதற்கு வருகிறேன்.

எலிசபெத் லோஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் 24 பேருக்கு அவர்களுடைய சிறுவயதுச் சம்பவங்கள் என்று நான்கைக் கொடுத்தார்கள். மூன்று நிஜம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாங்கியவை. நாலாவது, சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோய் அழுததாகக் கட்டிய கதை. ஏறக்குறைய கால்வாசிப் பேர் அந்தப் பொய்க் கதையையும், முழுசாகவோ அரைகுறையாகவோ, ஆமாம் நினைவிருக்கிறது என்றார்கள். வீட்டு மனிதர் சொன்னதாகச் சொன்னாலே போதும், மனம் மிச்சத்தை வரைந்துகொள்கிறது. அப்படியிருக்க, நாம் பன்னிரண்டு பேர் கூடியதும் முதலில் வாய் திறப்பவர் யார்? பெரியப்பா வீட்டு அண்ணன். அண்ணா கதை சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அதுதான் சிக்கலே. நீங்கள் சொல்லி முடிக்கும்போது நாங்கள் எல்லோரும் உங்கள் கண் வழியாகத்தான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னொன்று. சேர்ந்து உட்கார்ந்து நினைவுபடுத்தினால் நிறைய வரும் என்றுதான் யாரும் நினைப்போம். வெல்டன், பெல்லிஞ்சர் இருவரும் 1997-ல் காட்டியது நேர்மாறானது. மூன்று பேர் ஒன்றாக உட்கார்ந்து நினைவுகூர்ந்ததைவிட, மூன்று பேர் தனித்தனியே நினைவுகூர்ந்ததைப் பிறகு ஒன்றுசேர்த்தால் அதிகம் கிடைக்கிறது. ஒருவர் பேச்சு மற்றவர் நினைவின் நூலை அறுத்துவிடுகிறது. அதனால் முதலில் தனியாக எழுதுவோம், பிறகு கூடுவோம், அப்புறம் ஒவ்வொன்றாக வாசிப்போம். ஒத்துப்போகாத இடத்தில் யார் சரி என்று அன்றைக்கே தீர்ப்பு சொல்ல வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளில் வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த ஜன்னல் கொக்கி கையைக் கிழிக்கும், இருட்டில் ஸ்விட்சைத் தேடிச் சுவரில் கை எவ்வளவு உயரத்துக்குப் போகும். நான் போன வாரம் போட்டுப் பார்த்தேன். பின்பக்கத்து அறை வந்ததும் பேனா நின்றுவிட்டது, அதற்குள் என்ன இருந்தது என்றே தெரியவில்லை. அந்த அறை உங்களில் யாரிடமாவது இருக்கும். தாளின் இந்தப் பக்கமோ, இரும்புப் பெட்டியை வரைந்த உடனே வாசம் வந்துவிட்டது. பாச்சா உருண்டையும் வெயிலில் காய்ந்த துணியும் கலந்த அந்த வாசம், பாட்டி விடுமுறைக்கு முந்தின நாள்தான் அந்தப் பெட்டியைத் திறப்பார், அதனால் அந்த வாசம் என்றாலே எனக்கு எல்லோரும் வரப்போகிறீர்கள் என்றுதான் அர்த்தம். வாசனைக்கு ஏன் இந்த வலு என்றும் படித்தேன். மற்ற புலன்களெல்லாம் மூளைக்குள் தலாமஸ் என்ற இடைத்தரகர் வழியாகப் போகின்றன. மோப்பம் மட்டும் அந்த வழியாகப் போகாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்குப் பக்கத்திலேயே நேராகப் போய்ச் சேர்கிறது. 65 முதல் 80 வயது வரை உள்ளவர்களிடம் ஸ்டாக்ஹோமில் நடத்திய ஆய்வில், சொல்லோ படமோ கிளப்பிய நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 20 வயதுக்குள் நடந்தவை, வாசனை கிளப்பியவையோ 10 வயதுக்கு முந்தியவை. வில்லாண்டர், லார்சன் என்ற இருவர் 2006-ல் வெளியிட்டது. பழைய போர்வையோ துணியோ அந்த வீட்டிலிருந்து வந்தது யாரிடமாவது இருந்தால், துவைக்காமல் கொண்டுவாருங்கள்.

கதவு நிலையில் பென்சிலால் போட்ட நம் உயரக் கோடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் முதுகை ஒட்ட வைத்து, தலையில் ஸ்கேலை வைத்துப் பாட்டி கோடு போடுவார், பக்கத்தில் பெயரின் முதல் எழுத்து. குதிகாலைத் தூக்குகிறோமா என்று கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார். வீடு கைமாறி ஆறு வருஷம் ஆகிறது. அந்த நிலையை நாம் ஒருத்தரும் படம் எடுக்கவில்லை. கையில் போன் இருந்தது, வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று குடும்பமாக நாற்பது படம் எடுத்தோம், அந்தக் கதவு எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. இதை நினைத்தால் இன்னும் தாங்க முடியவில்லை. யாரிடமாவது பழைய படம் ஏதாவதில் ஓரமாகவாவது அது விழுந்திருக்கிறதா, தயவுசெய்து தேடுங்கள்.

நாம் நமக்காக மட்டும் கூடினால் போதாது. பிள்ளைகளோடு என்று சொன்னேனே, அதைக் கடைசி நேரத்தில் 'அவனுக்கு வகுப்பு இருக்கிறது' என்று மாற்றிவிடாதீர்கள். பட்ரீசியா பாயரும் மரினா லார்கினாவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை உலுக்கிவிட்டது. மூன்று வயதுக் குழந்தைகள் தங்களுக்கு நடந்ததைப் பற்றிப் பெற்றோரோடு பேசுவதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதே குழந்தைகளிடம் சில வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறார்கள். 5 முதல் 7 வயதில் 63 முதல் 72 சதவீதம் வரை நினைவிருந்தது. 8, 9 வயதில் அது சுமார் 35 சதவீதமாக இறங்கிவிட்டது. அதாவது, என் மகளுக்கு இப்போது ஆறு வயது, அவளுடைய மூன்று வயது அவளிடம் இன்னும் இருக்கிறது, இரண்டு வருஷத்தில் பெரும்பகுதி போய்விடும். குழந்தையின் போக்குக்கு விட்டு, 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டுக் கேட்டுப் பேசிய அம்மாக்களின் பிள்ளைகளுக்குக் கூடுதலாக நின்றிருக்கிறது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயது நிறைவதற்கு முன்பே தொடங்குவதாக 2000-ல் ஒரு ஆய்வு சொன்னது, அதே நாட்டின் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு அது மூன்றரை வயதை ஒட்டி. கடந்த காலத்தைப் பற்றி அதிகம் பேசுகிற சமூகம் என்பதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

பாட்டி இந்த ஆய்வையெல்லாம் படித்தவரில்லை. ஆனால் ராத்திரியில், "போன தடவை நீ வந்தப்போ என்ன பண்ணினே, சொல்லு பார்ப்போம்" என்று தொடங்குவார், நினைவிருக்கிறதா? நாம் தப்பாகச் சொன்னாலும் திருத்த மாட்டார். "ஓ, அப்படியா, அப்புறம்?" என்பார்.

மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 2001-ல் இருபது கேள்விகள் தயாரித்துப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். உன் அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, உன் அம்மா எங்கே வளர்ந்தார் தெரியுமா என்பது மாதிரிக் கேள்விகள். பதில் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. இதைப் பார்த்து இருபது பதிலையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வைப்பதில் பயன் இல்லை என்று டியூக்கே எழுதியிருக்கிறார். அந்தப் பதில்கள் ஒரு பிள்ளைக்குத் தெரிகிறது என்றால், அந்த வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுகிற நேரம் இருந்தது என்று அர்த்தம், பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும்தான் அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? போன கல்யாணத்தில் என் மகள், சித்தப்பா பேரனைக் காட்டி, "அந்தப் பையன் யாரு" என்று என்னிடம் கேட்டாள். அவனும் அவளும் அரைமணி நேரமாக ஒரே நாற்காலிக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய அத்தையை நான் அழைத்து வருகிறேன். ஒத்துக்கொண்டுவிட்டார். தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரைப் பேச வைத்துக் களைப்பாக்க வேண்டாம். ஸ்டோரிகார்ப்ஸ் என்று 2003-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு அமைப்பு சாதாரண மனிதர்களின் உரையாடல்களைப் பதிவு செய்கிறது, ஒரு பதிவுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட நேரம் 40 நிமிடம். அந்த அளவு போதும். "அந்தக் காலத்துக் கதை சொல்லுங்க" என்று கேட்காதீர்கள், அவருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. "காலையில் முதலில் யார் எழுந்திருப்பார்கள், எழுந்ததும் எந்தக் கதவைத் திறப்பார்கள்" என்று கேளுங்கள், தானாக வரும். குறுக்கே பேச வேண்டாம், முக்கியமாக நான். படங்கள் கொண்டுவந்தால் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் யார், எந்த வருஷம் என்று எழுதிவைப்போம், பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். பதிவுகளை இரண்டு பேராவது இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே போனில் வைத்து அதையும் தொலைக்க வேண்டாம்.

யார் கூப்பிடுவது என்றுதான் இத்தனை நாள் எல்லோரும் காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். பாட்டி இருந்தவரை அவர் கூப்பிட்டார், அவர் போனதும் அந்த வேலை யார் கைக்கும் வரவில்லை, அண்ணன் கூப்பிடட்டும் என்று நானும், வீடு பெரிதாக வைத்திருப்பவர் கூப்பிடட்டும் என்று அண்ணனும் இருந்திருப்போம். நான் கூப்பிடுகிறேன்.

கூடத்தில் மேஜையை நகர்த்திவிட்டு அளந்து பார்த்தேன். நெருக்கிப் படுத்தால் பதினாறு பேர் படுக்கலாம். பெரியவர்களுக்கு அறை இருக்கிறது, பிள்ளைகள் எல்லோரும் வரிசையாகக் கூடத்தில்தான். சித்தப்பா மகளே, நீ மட்டும் கடைசி நாள் சாயங்காலமே கிளம்பிவிடாதே, மறுநாள் காலையில் போகலாம். விளக்கை அணைத்த பிறகு நான் ஒருமுறை எண்ண வேண்டும்.